ஈரத் துணி

களிமண்ணில் உருவம் சமைக்கிறவனுக்கு ஒரு நாளின் கடைசி வேலையும் மறுநாளின் முதல் வேலையும் ஒரே துணியைப் பற்றியவை. மாலையில் கோணித் துணியை நீரில் நனைத்துப் பிழிந்து, செய்துகொண்டிருக்கும் உருவத்தின்மேல் விரற்கடை இடமும் விடாமல் போர்த்திவிட்டுப் போக வேண்டும். காலையில் வந்து அதை மெல்ல விலக்க வேண்டும். போர்த்த மறந்தால் மண் உலர்ந்து சுருங்கும். உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பியோ சுருங்காது. ஆகவே மார்பிலோ கழுத்திலோ ஒரு வெடிப்பு ஓடி, வாரக்கணக்கான உழைப்பு ஓர் இரவில் பாழாகிவிடும். மாணவனாக இருந்த ஆண்டுகளில் இந்தக் காரியத்தை நான் எத்தனையோ நூறு முறை செய்திருக்கிறேன். ஆயினும், 1966ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை மாலை, எட்டுப் பத்துத் தோழர்கள் சூழ்ந்து நிற்க, என் கையால் நான் துணியை விலக்கிய அந்த ஒரு கணமும், அதன்பின் அங்கே கவிந்த மௌனமும், அம்மௌனத்தை ஒருவர்பின் ஒருவராக அவர்கள் கலைத்த விதமும், மற்ற எல்லா ஞாபகங்களும் மங்கிய பிறகும் என்னிடம் மங்காமல் இருக்கின்றன. கலையைப் பற்றி நான் கற்றவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு மாலையிலிருந்து கிளைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரத்தில், எழும்பூர் இரயில் நிலையத்திற்கு அதிகத் தொலைவில்லாமல், பழைய செங்கற் கட்டடங்களும் பெருமரங்களும் சூழ இருக்கும் அரசினர் கலைத்தொழிற் கல்லூரியில் நான் அப்போது நான்காம் ஆண்டு மாணவன். 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தம் சொந்த முயற்சியால் தொடங்கி, பின்னர் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட ஸ்தாபனம் அது. நோயுற்ற உடலைத் தொட்டுப் பழகிய ஒரு மனிதரின் கையிலிருந்து ஓவியப் பள்ளி ஒன்று பிறந்தது என்ற செய்தி, அந்நாளில் வெறும் சரித்திரத் துணுக்காகவே எனக்குப் பட்டது. பின்னரே அதன் பொருத்தம் விளங்கிற்று. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவராக வந்து, உருவச் சிற்பத்திற்கு அங்கே ஓர் உறுதியான அஸ்திவாரம் இட்டார். மெரினா கடற்கரையில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் படைத்ததே. பாறையை நெம்பும் அந்த நால்வரின் முதுகுத் தசைகளைப் பார்த்து வரைவதற்காக நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே போவோம். அவருக்குப் பின் தலைமை ஏற்ற கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை நிறுவியது நான் சொல்லும் அதே 1966இல்தான். ஆகவே, நம் மரபு எது, நவீனம் எது, மேனாட்டாரைப் பார்த்து வரைவது எத்தனை தூரம் தகும் என்ற வாதங்கள் எங்கள் உணவோடும் தேநீரோடும் கலந்திருந்த காலம் அது.

சனிக்கிழமை வகுப்பு முடிந்த பின் நாங்கள் சிலர் ஒருவர் வேலையை ஒருவர் பார்ப்பது என்று எங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். அதற்கு ஒரே ஒரு விதி. வேலை செய்தவன், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. ‘நான் நினைத்தது வேறு’ என்று விளக்கம் சொல்லும் உரிமை அவனுக்குக் கிடையாது. ஏனெனில், நாளைக்கு அந்தச் சிற்பம் எங்கேயோ ஒரு மூலையில் நிற்கும்போது, பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல அவன் வரப்போவதில்லை.

அன்று நான் காட்டியது, வாழையிலையின்மேல் படுத்துக் கிடக்கும் ஆறு வயதுச் சிறுமியின் முழு உருவம். உடல் முழுதும் வைசூரி.

என் தங்கை 1952ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் அந்நோயால் இறந்தாள். எங்கள் ஊர் திருச்சிராப்பள்ளிச் சீமையில், சமயபுரத்திற்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே அம்மையை நோய் என்று யாரும் சொல்வதில்லை. ‘தாய் வந்திருக்கிறாள்’ என்பார்கள். கொப்புளத்தைக் கொப்புளம் என்றும் சொல்வதில்லை; ‘முத்து’ என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அயலார் உள்ளே வரமாட்டார்கள். அடுப்படியில் தாளிக்கும் ஓசை கேட்காது. மாலையில் யாரேனும் ஒரு முதியவள் நடையில் அமர்ந்து மாரியம்மன் தாலாட்டுப் பாடுவாள். பெற்றவள் கண்ணீர் விட்டாலும் அம்மனுக்கு அபசாரம் ஆகிவிடும் என்று அஞ்சி முந்தானையைக் கடித்துக்கொண்டிருப்பாள். அம்மை குத்துகிறவர் அதற்கு முந்தைய ஆண்டு ஊருக்கு வந்து, திருகுவதற்கென்று அமைந்த அந்தச் சிறு ஆயுதத்தால் என் கையில் குத்திவிட்டுப் போனார். அத்தழும்பு இன்றும் இருக்கிறது. அன்று நான் போட்ட கூக்குரலைக் கேட்ட என் பாட்டி, பேத்தியின்மேல் கொண்ட பிரியத்தினாலேயே, அவளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்து, வீட்டில் வேறு குழந்தை இல்லை என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிரியத்தின் விலை என்ன என்பதை மறு பங்குனியில் நாங்கள் அறிந்தோம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. உள்ளே போகக் கூடாது என்று என்னைத் திண்ணையிலேயே வைத்திருந்தார்கள். ஒரு பகல், காவல் சற்றுத் தளர்ந்த வேளையில், கொல்லைப்புறமாகச் சென்று, உரலின்மேல் ஏறி, காமரா உள்ளின் சன்னல் வழியாகப் பார்த்தேன். மூச்சு ஐந்தாறு முறை வந்து போகும் நேரம் பார்த்திருப்பேன். அதற்குமேல் பார்க்க முடியாமல் குதித்து ஓடிவிட்டேன். அந்தக் கணநேரக் காட்சிதான், பதினான்கு ஆண்டுகள் என்னுள் கிடந்து, இரவுகளில் என்னை எழுப்பி, கடைசியில் மண்ணாக வெளிவந்தது.

மிகுந்த பிரயத்தனத்தோடு அதைச் செய்தேன். பலகையின்மேல் கம்பியை வளைத்துக் கட்டி, மண் சரியாமல் பிடித்துக்கொள்ளச் சிறு மரச்சிலுவைகளைத் தொங்கவிட்டு, விலாவும் வயிறும் முழங்காலும் எழுந்த பின், முத்துக்களைத் தனித்தனியாக உள்ளங்கையில் உருட்டி ஒட்டத் தொடங்கினேன். ஒவ்வொன்றின் நடுவிலும் மூங்கிற் குச்சியால் ஒரு சிறு குழி. நெற்றி முதல் பாதம் வரை, ஓரிடமும் விடாமல், நூற்றுக்கணக்கில் ஒட்டினேன். வாயை அகலத் திறந்து, ஓர் அலறல் அப்படியே உறைந்துவிட்டதைப்போல் அமைத்தேன். இரவில் தனியாகக் கொட்டகையில் வேலை செய்யும்போது எனக்கே அதைப் பார்க்க அச்சமாக இருக்கும். அந்த அச்சத்தை, நான் உண்மையைத் தொட்டுவிட்டேன் என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

துணியை விலக்கினேன். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை.

முதலில் பேசியவர் மலையாள நாட்டிலிருந்து வந்து படித்த ஒரு நண்பர்; எங்கள் வகுப்பிலேயே கோட்டின்மேல் அவருக்கு இருந்த ஆட்சி வேறு யாருக்கும் இல்லை. மார்புக்கூட்டில் இருக்கும் கனம் இடுப்புக்குக் கீழே இல்லை என்றும், தொடைகள் பலகையில் படிந்திருக்கவில்லை, மிதக்கின்றன என்றும், படுத்திருக்கும் உடலின் பாரம் முழுவதும் பூமிக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியே. ஆனால், சொல்லி முடிக்கும்வரை அவருடைய பார்வை இடுப்பைத் தாண்டி மேலே வரவில்லை. இலக்கணம் பேசுவது சில சமயம் அஞ்சினவன் ஒதுங்கும் நிழல் என்பதை நான் அன்று கண்டேன். ஆயினும் அந்த நிழலிலிருந்து பேசியவரின் வார்த்தை பயனற்றதாகிவிடவில்லை.

மதுரைப் பக்கத்து நண்பர் அடுத்துப் பேசினார். அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். “இது ஆத்தா இறங்கின உடம்பு,” என்றார் தணிந்த குரலில். “எங்க ஊரிலே இப்படிக் கிடக்கிற பிள்ளைகிட்ட வாசனை எண்ணெய் தடவிக்கிட்டுக்கூடப் போகமாட்டாங்க. நாம சுத்தி நின்னு கால் சரியில்லே, கை சரியில்லேன்னு பேசறோம். செஞ்சது தப்புன்னு சொல்லலே. ஆனா, கும்பிடணுமா, வேடிக்கை பார்க்கணுமான்னு எனக்குத் தெரியலே.”

ஓவியப் பிரிவில் படித்த பெண் ஒருவர், எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர், சற்று விலகித் தூணருகே நின்றிருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: “பார்க்கிறவங்க பயப்படணும்கிறதுக்காகவா இதைச் செய்யறீங்க?” விதிப்படி நான் பதில் சொல்லக் கூடாது, சொல்லச் சொல்லியிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை. அவர் சற்று நேரம் காத்திருந்து, முன்னால் வந்து, கீழே கிடந்த ஈரத் துணியின் ஒரு முனையை எடுத்து, அந்த முகத்தின்மேல் மட்டும் போர்த்தினார். அதில் கோபம் இல்லை, அருவருப்பும் இல்லை. தூங்கும் குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் மறைக்கும் செய்கையாகவே அது இருந்தது.

அதற்கு மாறாக, நிறையப் படித்த ஒரு நண்பர் என்னை வானளாவப் புகழ்ந்தார். ஸ்பெயின் தேசத்துக் கோயா 1810க்கும் 1820க்கும் இடையில் யுத்தக் கொடுமைகளைச் செப்புத் தகடுகளில் செதுக்கி வைத்ததையும், அவர் மறைந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863இல்தான் அவை அச்சேறி வெளிவந்ததையும் சொல்லி, உலகம் தாங்க முடியாததைத் தயங்காமல் காட்டுகிறவனே கலைஞன் என்றார். யாரையும் சமாதானப்படுத்த நான் முயலவில்லை என்பதே இந்த வேலையின் பெருமை என்றார். என் நெஞ்சு நிறைந்தது. அன்றைய அபிப்பிராயங்களில் என்னை அதிகம் மகிழ்வித்ததும் அதுவே. எனக்கு வழி ஒன்றும் காட்டாததும் அதுவே.

எல்லாரும் போன பிறகும் ஒருவர் மட்டும் இருந்தார். புதுக்கோட்டைப் பக்கத்தில், ஐயனாருக்கு மண்குதிரை செய்து கொடுக்கும் வேளார் குடும்பத்தில் பிறந்தவர். மட்பாண்டப் பிரிவில் சேர்ந்திருந்தார். எங்கள் எல்லாரையும்விட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணன் என்றே அவரை அழைப்போம். முகமெங்கும் அம்மைத் தழும்பு. அவர் வருவார் என்று தெரிந்திருந்தும், இந்த உருவத்தை அவர் கண்முன் திறக்கிறோமே என்று ஒரு முறையேனும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த எண்ணமின்மையை இன்று நினைத்தாலும் என் உள்ளம் குன்றுகிறது.

அவர் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, முகத்தின்மேல் கிடந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பலகையின் அருகே குந்தி அமர்ந்தார்.

“தம்பி, இது யாரு?”

“என் தங்கை, அண்ணே.”

“நீ கிட்ட இருந்து பார்த்தியா?”

நான் உரலின்மேல் ஏறிப் பார்த்த கதையைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். “அதான். சன்னல்லேருந்து பார்த்த உடம்பு இது. தலையிலேருந்து கால்வரைக்கும் ஒரே மாதிரி வாரி இறைச்சிருக்கே. முத்து அப்படிப் போடாது. முகத்திலே கொள்ளாமப் போடும். முழங்கைக்குக் கீழே போடும், உள்ளங்கையிலே, உள்ளங்காலிலே போடும். வயித்திலே கம்மி. எனக்கு வந்து போயிட்டதாலே, ஊரிலே யாருக்குப் போட்டாலும் பக்கத்திலே இருக்க என்னைத்தான் கூப்பிடுவாங்க. ஒருதரம் வந்தா மறுதரம் வராதே. எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன்.” சற்று நிறுத்திவிட்டு, தம் சுட்டுவிரலை அந்தத் திறந்த வாயின் ஓரத்தில் வைத்தார். “இப்படிக் கத்தவும் முடியாது, தம்பி. நாக்கிலேயும் தொண்டையிலேயும் போட்டிருக்கும். தண்ணி விழுங்கவே பாடு.”

“அப்படியானால் என்ன செய்வீர்கள், அண்ணே?”

“கேட்டுக்கிட்டுக் கிடப்போம். இமை வீங்கிக் கண்ணு திறக்காது. வாய் திறக்காது. காது ஒண்ணுதான். யாரு வர்றா, யாரு போறா, வெளியிலே மாடு கத்துது, அம்மா எங்கே நிக்கிறான்னு எல்லாம் காதிலேதான்.” எழுந்துகொண்டு, துணியை நனைத்துப் பிழிந்து, என்னோடு சேர்ந்து போர்த்தினார். போகும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “இதிலே பயந்தவன் தெரியறான். படுத்திருக்கிறவளைக் காணோம்.”

அன்றிரவு நான் தூங்கவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என வகுத்தபோது அச்சத்திற்கும் இளிவரலுக்கும் நகைக்கும் உவகைக்கும் ஒத்த இடம் கொடுத்தார். வடமொழி நூலாரும் பயானகத்தையும் பீபத்ஸத்தையும் ரஸங்களின் வரிசையில் சமமாகவே வைத்தனர். ஆகவே, அஞ்சத்தக்கதைக் கலை தொடலாமா என்ற ஐயம் நம் முன்னோருக்கு இருந்ததில்லை. பேய்கள் கூழ் அடும் பரணியைப் போர்க்களத்தின் நடுவே நிறுத்திய மரபு நம்முடையது. என்னை வருத்திய கேள்வி வேறு. காட்டப்படும் அச்சம் யாருடையது? நோயின் வாயில் கிடந்தவள் ஒருத்தி. சன்னலில் நின்று நடுங்கினவன் ஒருவன். நான் நடுங்கினவனுடைய நடுக்கத்தை எடுத்து, கிடந்தவளின் உடலில் ஒட்டி, அதற்கு அவள் பெயரைச் சூட்டிவிட்டேன். அந்த நூற்றுக்கணக்கான மண் உருண்டைகள் அவளுக்குப் போட்ட முத்துக்கள் அல்ல, எனக்குப் போட்டவை.

சில நாட்களில் அந்த நிறையப் படித்த நண்பரே எனக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஜெர்மன் தேசத்துக் கேத்தே கோல்விட்ஸ் என்னும் அம்மையார் 1903இல் செய்த ஒரு செதுக்கோவியம். இறந்த குழந்தையைத் தாய் ஒருத்தி தன் உடம்போடு சேர்த்து, முகத்தை அதன் மார்பில் புதைத்து, ஒரு விலங்கின் வேகத்தோடு இறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஏழு வயதான தம் மகனையே மடியில் கிடத்திக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து அவர் அதை வரைந்தாராம். அதைக் கண்ட அவருடைய நெடுநாள் தோழி ஒருவர், குழந்தைக்கு மெய்யாகவே ஏதோ நேர்ந்துவிட்டது என்று எண்ணித் திடுக்கிட்டாராம். அந்த மகன் 1914இல், உலக யுத்தம் தொடங்கிய சில மாதங்களுக்குள், போர்முனையில் இறந்தான். அவனுக்கான நினைவுச் சிற்பத்தை, துயருறும் தந்தையும் தாயுமாக மண்டியிட்ட இரு உருவங்களை, அத்தாய் 1932இல்தான் நிறைவு செய்து நிறுத்தினார். இவை முழுவதையும் நான் பின்னால்தான் அறிந்துகொண்டேன். ஆனால், அன்று அந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒன்று புலப்பட்டது: அங்கே எட்டி நின்று பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. வரைந்தவள் குழந்தையின் பாரத்தைத் தன் மடியில் ஏந்தியிருந்தாள்.

நம் நாட்டுக் காரைக்காலம்மையாரின் செப்புத் திருமேனிகள் அப்போது என் நினைவுக்கு வந்தன. வற்றிய மார்பு, எண்ணத்தக்க விலா எலும்பு, பேயுரு; ஆயினும், கையில் தாளம் ஏந்தி அமர்ந்திருக்கும் அவரைப் பார்த்து நாம் இரங்குவதில்லை. ஏனெனில் அவர் பார்க்கப்படுவதற்காக அங்கே அமரவில்லை. ஆடுகிறவனைத் தாம் பார்த்துப் பாடிக்கொண்டிருக்கிறார். பேயுருவுக்கு உள்ளே ஒருவர் இருக்கிறார். என் சிறுமிக்குள் ஒருவரும் இல்லை.

மறு வாரம் எழும்பூரில் இரவு வண்டி ஏறி ஊருக்குப் போனேன். சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கியிருந்தது. தன்னை நாடி வரும் உலகத்தார் நலத்துக்காக அம்மன் தானே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கும் காலம் அது. துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீருமே அவளுக்கு நைவேத்தியம். பூத்தட்டுகளோடு செல்லும் கூட்டத்தைக் கடந்து வீட்டை அடைந்தபோது அம்மா முற்றத்தில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். பதினான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாரும் தங்கையைப் பற்றிப் பேசியதில்லை. இரண்டு நாள் பேசாமலே இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மாலை, விளக்கு வைத்த பின், கேட்டுவிட்டேன்: “அம்மா, அவ எப்படிப் படுத்திருந்தா?”

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள்போலச் சொல்லத் தொடங்கினாள். இளவாழையிலையில் விளக்கெண்ணெய் தடவிப் போட்டதையும், அது ஒட்டிக்கொள்ளுமுன் மாற்றியதையும், வேப்பங்கொழுந்தால் வருடிக் கொடுத்ததையும் சொன்னாள். பிறகு சொன்னாள்:

“நீ திண்ணையிலே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே இருப்பே. பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம்னுட்டாங்க இல்லே? உனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வராது. ஒரே இடத்திலே தடுக்கும். அவ அந்தப் பக்கமே தலையைத் திருப்பிக்கிட்டுக் கிடப்பா. நான் நேராத் திருப்பி வச்சாலும் மறுபடி வாசப் பக்கம் திருப்பிக்குவா. நீ தடுக்கினா, அவ உதடு அசையும்.”

திண்ணையில் அமர்ந்து நான் அன்று உரக்க வாய்ப்பாடு சொன்னது படிப்பின்மேல் கொண்ட ஆசையால் அன்று. உள்ளே நிலவிய நிசப்தத்தைக் கேட்க அஞ்சி, அதை மூடுவதற்காகச் சொன்னேன். என் அச்சத்தின் ஓசையைத் துணையாகக் கொண்டு ஒருத்தி உள்ளே படுத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. கண்ணும் வாயும் அடைபட்ட அந்த உடலுக்குள் அவள் முழுவதுமாக இருந்தாள், கேட்டுக்கொண்டிருந்தாள், நான் தடுக்கி விழுந்த இடத்தில் என்னைத் தூக்கிவிடவும் முயன்றிருக்கிறாள்.

சென்னைக்குத் திரும்பிய அன்றே வேலையைத் தொடங்கினேன். வயிற்றிலும் மார்பிலும் இருந்த உருண்டைகளில் பெரும்பாலானவற்றை வழித்தெடுத்தேன். வாயை மூடினேன். தொடைகளின் பாரம் பலகைக்குப் போய்ச் சேரும்படி, மலையாள நண்பர் சொன்னவாறே, அவற்றைத் தாழ்த்திப் படியவைத்தேன். கழுத்தைத் திருப்புவதுதான் கடினமாக இருந்தது. உள்ளே ஓடிய கம்பி இடங்கொடுக்கவில்லை. மண்ணைப் பிளந்து, கம்பியை வெட்டி, வாசற் பக்கமாகத் தலையைச் சிறிது சாய்த்து, மறுபடியும் கட்டி மூடினேன். பிறகு மூன்று வாரம், வேறெதையும் தொடாமல், காதையும் காதின் கீழே கழுத்தில் எழும் அந்த மெல்லிய நரம்பையும் மட்டுமே செய்தேன்.

மறுபடியும் ஒரு சனிக்கிழமை துணியை விலக்கினேன். நிறையப் படித்த நண்பருக்கு ஏமாற்றம். “முன்னே இருந்த உக்கிரம் போயிடுச்சே,” என்று வருந்தினார். அதை நான் தள்ளிவிடவில்லை; உக்கிரம் ஒன்று போனது உண்மையே, அதைப் போக்காமல் மற்றது வந்திருக்க முடியுமா என்பதை இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். மலையாள நண்பர் இம்முறை தலைமாட்டுக்கு வந்து, குனிந்து, காதுமடல் சற்றுத் தடித்திருக்கிறது என்றார். மதுரை நண்பர் ஒன்றும் சொல்லாமல் தரையில் அமர்ந்தார். அவர் அமர்ந்ததும் மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்தார்கள். உருவத்தைச் சுற்றி நின்றிருந்த ஒரு கூட்டம், நோயாளியின் அருகே உட்கார்ந்திருக்கும் சுற்றத்தாராக மாறியது. அன்று முகத்தை மூடிய அந்தப் பெண் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன கேட்டுக்கிட்டிருக்கா?” அவர் கேட்டு முடித்தபோது, என் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. அவர் கண்டது நோயை அன்று, ஒருத்தியை.

வேளார் அண்ணன் அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், பிளாஸ்டரில் அச்செடுத்த நாளில் காலையிலேயே வந்துவிட்டார். களிமண்ணின்மேல் ஊற்றும் முதல் பூச்சில், துணிக்குப் போடும் நீலத்தைச் சிறிது கலந்துகொள்வது எங்கள் வழக்கம். மண்ணை அகற்றி, அச்சுக்குள் வெள்ளைப் பிளாஸ்டரை வார்த்து இறுகவிட்டு, பின் அச்சை உளியால் சிறிது சிறிதாகத் தட்டி எடுக்கும்போது நீலம் தலைகாட்டினால், உருவம் இனி ஒரு மயிரிழைத் தொலைவில் இருக்கிறது, கை பதற்றப்படக் கூடாது என்று அறிந்துகொள்வோம். உடல் முழுவதும் என்னைத் தட்டவிட்டு, காதருகே வந்ததும், அவர் உளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நீலம் தெரிந்தது முதல் வெண்மை தெரியும்வரை, அந்த ஒரு சாண் இடத்துக்கு, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

பிறகு நாங்கள் பல திசைகளில் சிதறிப் போனோம். 1975 மே மாதத்தோடு நம் நாட்டில் பெரியம்மை நின்றது. 1980 மே மாதத்தில், உலகத்திலேயே அது இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் பேரவை அறிவித்தது. அச்செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, அம்மைத் தழும்புள்ள முகங்கள் இனிப் பிறக்கப்போவதில்லை என்ற மகிழ்ச்சியோடு, அந்த முகங்களில் ஒன்று எனக்குக் கற்பித்ததை இனி யாரிடம் போய்க் கற்பது என்ற ஏக்கமும் கலந்துகொண்டது. சகமாணவரின் விமரிசனத்தை வெல்லவும் வேண்டியதில்லை, அதற்குப் பணியவும் வேண்டியதில்லை. என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அவர் நின்று பார்க்கிறார் என்று நம்பினால் போதும் என்பதை, என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு நான் ஓயாமல் சொல்லிவந்திருக்கிறேன்.

அந்தச் சிற்பத்தை நான் விற்கவில்லை. முதுமையில் அம்மா சென்னைக்கு வந்து என்னோடு தங்கினாள். வந்த அன்று மாலை, பின்னறையில் கட்டையின்மேல் கிடத்தியிருந்த அதன் முன்னே கொண்டுபோய் நிறுத்தினேன். ஊரில் இதைச் செய்துவைக்கலாமா கூடாதா என்ற கேள்வியெல்லாம் அவளிடம் எழவில்லை. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தொட்டுப் பார்த்தாள். காதைத் தொட்டாள்.

“தலை இவ்வளவு தாழ்ந்திருக்காதுடா,” என்றாள். “தாழ்ந்திருந்தா எப்படிக் கேக்கும்?”

தோளில் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்தாள். நான் தலைமாட்டுப் பக்கம் பலகையை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தேன். அவள் அதை அடியில் செருகினாள். அந்தத் துண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.